சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் டிரில்லை எடுத்தேன்

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், பிசியோதெரபி சொல்லித்தந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி பாத்ரூம்ல பிடிச்சு எந்திரிக்கக் கம்பி போட்டிருங்க. டாய்லெட் பக்கத்துல ஒண்ணு, குளிக்கிற எடத்துல ஒண்ணு. அது இல்லாம கூட்டிட்டுப் போகாதீங்க." அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். கோவை சரவணம்பட்டியில் மூன்றாவது மாடியில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருக்கிறோம். தெரிந்த எலக்ட்ரீஷியன், கார்பெண்டர் என்று நான்கு பேருக்குப் போன் செய்தேன். "நாலு ஓட்டைக்காக அவ்வளவு தூரம் வர முடியாதுங்க, வேற வேலை இருந்தா சேத்து வெச்சுக் கூப்பிடுங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்து போவதற்கே அரை நாள் ஆகிவிடும். ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காந்திபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சுற்றிக்கொண்டே சுத்தியல் போலத் தட்டவும் செய்கிற 600 வாட் இம்பாக்ட் டிரில் ஒன்றை, துளைக்கிற ஐந்து பிட்டுடன் சேர்த்து 3,150 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக் கம்பி 1,900. கடைக்காரர் மேலே இருக்கிற சுத்தியல் படத்தைக் காட்டி, "செவுத்துக்கு இது, மரத்துக்கும் இரும்புக்கும் பக்கத்துல இருக்கிற இது" என்றார். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதை வைத்து மூன்று நாளில் என்ன செய்து வைத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை நேராகப் பாத்ரூமில் கை வைக்கப் பயமாக இருந்தது. படுக்கையறை ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பி மாட்ட வேண்டிய வேலை ரொம்ப நாளாகக் கிடந்தது. அதில் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, 6 மில்லிமீட்டர் பிட்டை மாட்டி, சுத்தியல் குறிக்கு மாற்றி அழுத்தினேன். பெரிய சத்தம், கொஞ்சம் வெள்ளைத் தூள், அதற்கு மேல் போகவில்லை. இருபது நிமிடம் முழு பலத்தையும் போட்டு அழுத்தியிருப்பேன். பிட்டின் முனை சூடேறி நீலமாகிவிட்டது. கடைசியில்தான் விசைக்கு மேலே இருந்த சின்னப் பித்தான் கண்ணில் பட்டது. அது இடப்பக்கம் சுற்றுகிற நிலையில் இருந்திருக்கிறது. பிட்டின் வெட்டு விளிம்பு வலப்பக்கம் சுற்றினால்தான் வெட்டும், தூளையும் வெளியே தள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சும்மா தேய்த்துக்கொண்டே இருக்கும். அதனால் டிரில் பூச்சைக்கூடத் தாண்டவில்லை என்றால் அழுத்துவதை நிறுத்திவிட்டு முதலில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். அப்புறம் சக் சாவி. பிட்டைக் கவ்விப் பிடிக்கிற முன்பாகம்தான் சக், அதில் மூன்று துளை இருக்கும். ஒன்றில் மட்டும் முறுக்கிவிட்டால் பிட் கோணலாக நிற்கும், நடுவில் வழுக்கும். மூன்றிலும் மாற்றி மாற்றி முறுக்கி, சாவியைக் கையோடு எடுத்துவிட வேண்டும். சாவியை அதிலேயே விட்டு ஓட்டினால் அது தெறித்து வந்து முகத்தில் அடிக்கும்.

பக்கத்தை மாற்றியதும் வெண்ணெயில் போவதுபோல் போனது. அந்தச் சந்தோஷத்தில்தான் அடுத்த தப்பு. விசையை அழுத்திப் பிடித்து விரல் வலித்ததால், கைப்பிடியின் இடப்பக்கம் இருக்கிற லாக் பித்தானைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன். அதை அமுக்கினால் விரலை எடுத்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு அங்குலம் போயிருக்கும், 'கடக்' என்று ஒரு சத்தம். பிட் உள்ளே கவ்வி நின்றுவிட்டது. பிட் நின்றதும் சுற்ற வேண்டிய வேகம் முழுவதும் மெஷினின் உடம்புக்கு வந்து, என் வலது மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு அது கையை விட்டுப் போனது. நான் ஸ்டூலிலிருந்து கட்டில் மேல் விழுந்தேன். மெஷின் சுவரில் தொங்கியபடியே சுற்றுகிறது, வயர் அதைச் சுற்றிக்கொண்டு எக்ஸ்டென்ஷன் பெட்டியையே தரையிலிருந்து தூக்குகிறது. பிளக் கழன்றதால்தான் நின்றது. கட்டில் அங்கே இல்லாமல் தரையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. அம்மா மருத்துவமனையில் இருக்கிறாள், வீட்டில் நான் தனியாக இருக்கிறேன், ஒரு குரல் கொடுத்தால் கேட்க ஆள் கிடையாது.

நடந்தது இதுதான். ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் மேலே லிண்டல் என்கிற கான்கிரீட் விட்டம் இருக்கும். சுமார் ஆறு அங்குல உயரம், ஜன்னலின் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கும். அதன் அடிப்பாகத்தில்தான் முக்கியமான கம்பிகள் படுக்கையாகப் போகும். ஜன்னலுக்கு மேலே ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் குறி வைத்தால் நேராக அந்தக் கம்பியில் போய்த்தான் முட்டும். நான் வைத்த குறியும் அதேதான். மூன்று அங்குலம் மேலே போனால் பெரும்பாலும் கம்பிக்கு நடுவில் விழும். அங்கேயும் குறுக்குக் கம்பி தட்டினால் ஒரு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்திப் போடலாம். இரும்பில் முட்டியது தெரிந்தும் அழுத்தக் கூடாது. பிட்டும் வீண், வீட்டின் பலத்துக்கும் நல்லதில்லை. மெஷினோடு பெட்டியில் ஒரு பக்கக் கைப்பிடி தந்திருந்தார்கள், நான் அது எதற்கு என்று பிரிக்காமலேயே வைத்திருந்தேன். இரண்டு கையாலும் பிடிக்கத்தான் அது. இப்போது அதை மாட்டாமல் மெஷினைத் தொடுவதே இல்லை. மெஷினைக் கையில் பிடித்துச் செய்கிற வேலையில் லாக் பித்தானை நான் தொடுவதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று ஓட்டுவதும் இல்லை, அகலமான படி உள்ள ஏணி வாங்கிவிட்டேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று நான் துப்பட்டாவை எடுத்துவிட்டு, முடியைக் கொண்டை போட்டிருந்தேன். அது ஒன்றுதான் சரியாகச் செய்த காரியம். சுற்றுகிற பிட்டில் துணி நுனியோ முடியோ மாட்டினால் கையை எடுப்பதற்குள் இழுத்துவிடும். சேலை கட்டினால் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், வளையலையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டிரில்லுக்குத் தொளதொளவென்ற துணிக் கையுறை ஆபத்து, அதுவும் சுற்றிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், தலைக்கு மேலே துளைக்கும்போது தூள் நேராகக் கண்ணில்தான் விழும். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடியது வேண்டும், 100 ரூபாய்க்கே கிடைக்கிறது. கான்கிரீட், டைல்ஸ் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் N95 முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஐஸ் வைத்து, பட்டை சுற்றிக்கொண்டு அன்று இரவு அம்மாவோடு மருத்துவமனையில் படுத்தேன். கேட்டால் பயப்படுவாள் என்று கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அங்கேயே டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம். மறுநாள் அம்மா வருகிறாள் என்கிற பதற்றத்தில் அதே கையோடு ஆரம்பித்தேன். முதல் துளையைச் சுத்தியல் குறியிலேயே போட்டேன். டைல்ஸ் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. சரி, ஒரு டைல்ஸ்தானே என்று பக்கத்து டைல்ஸில், இந்த முறை சுத்தியலை நிறுத்திவிட்டு மெதுவாகப் போட்டேன். நன்றாக இறங்கியது. இரண்டு அங்குலம் போனதும் எதிர்ப்பே இல்லாமல் சட்டென்று உள்ளே போனது. பிட்டைச் சுற்றி ஈரமான சேறு வந்தது. என்னவென்று பார்க்க வெளியே இழுத்தேன். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மெஷின் மேல், என் முகத்தில், எல்லா இடத்திலும். அடுத்த நொடி வீட்டில் எல்லா விளக்கும் அணைந்தது.

அந்த விளக்கு அணைந்ததால்தான் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நம்புகிறேன். எங்கள் மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு பிரேக்கர் இருக்கிறது. மின்சாரம் கசிந்து வேறு வழியில் போனால், 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். வரிசையாக இருக்கிற சின்ன எம்.சி.பி.க்கள் அந்த வேலையைச் செய்யாது. அவை வயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும், மனித உடம்பு வழியாகப் போகிற மின்சாரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தயவுசெய்து உங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அதில் 'T' என்று ஒரு பித்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அதை நம்ப முடியாது, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுவது நல்லது. பழைய வீடுகளில் இது இல்லாமலே இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கு போய்விட்டது, தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் பாத்ரூமுக்கு வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. துண்டை வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. நனைந்த துணியோடு கீழே ஓடி வாட்ச்மேனைத் தேடினேன், அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இரண்டாவது மாடியில் இருக்கிற அண்ணா ஒருவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வந்தார். ஒரு பென்சிலின் கூரான முனையில் துணியைச் சுற்றித் துளையில் அழுத்திச் செருகினார், பாதி நின்றது. பிறகு மொட்டை மாடிக்குப் போய் எங்கள் பக்கத்து லைனுக்கான வால்வை மூடினார். எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம். பாத்ரூம் தண்ணீர் வடிகாலில் போய்விட்டது. ஆனால் அந்தச் சுவர் நாலரை அங்குலச் சுவர், அதன் மறுபக்கம் படுக்கையறை அலமாரி. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் அலமாரியின் பின்பலகையை ஊறவைத்தது. அது தெரிந்ததே மூன்றாம் நாள், பலகை உப்பி, துணியெல்லாம் வாடை அடித்தபோது.

அண்ணா போன பிறகு ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பணத்துக்காக இல்லை. அம்மாவை நாளைக்கு எங்கே கூட்டிப் போவது என்று தெரியவில்லை. சித்தி திருப்பூரிலிருந்து வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பதினெட்டு நாள் அம்மா அங்கே இருந்தாள்.

திங்கட்கிழமை வந்த பிளம்பர் தம்பிக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. துளையைப் பார்த்தார், அதற்கு நேர்கீழே சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருகிற மிக்சர் குழாயைப் பார்த்தார், நேர்மேலே இருந்த கீசரைப் பார்த்தார். "அக்கா, கீசர்ல இருந்து மிக்சருக்குத் தண்ணி எப்பிடி வரும்னு நெனச்சீங்க? செவுத்துக்குள்ளதான வரணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்டிருக்க வேண்டும். அவர் சொல்லித்தந்ததை அப்படியே தருகிறேன். குழாயோ வயரோ, சுவரில் தெரிகிற ஒவ்வொரு முனையிலிருந்தும் பெரும்பாலும் நேர்மேலே, நேர்கீழே, அல்லது நேர்ப் பக்கவாட்டில் போகும். அதனால் ஒவ்வொரு தண்ணீர் டேப், மிக்சர், கீசர், சுவிட்ச் போர்டு, லைட் பாயின்ட் எல்லாவற்றிலிருந்தும் கண்ணால் ஒரு சிலுவைக் கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடுகளின் இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் தள்ளித்தான் துளை. சுவரின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் அந்தப் பக்கத்து சுவிட்ச் போர்டின் வயர் போகிற குழாய் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு, மூன்று அங்குலத்தில் இருக்கலாம். சில மிஸ்திரிகள் குழாயைச் சாய்வாகவும் கொண்டுபோயிருப்பார்கள். அதனால் சந்தேகம் இருக்கிற சுவரில், குழாயையும் மின்சாரம் உள்ள வயரையும் காட்டுகிற டிடெக்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. அதையே முழுதாக நம்பிவிடவும் கூடாது, பிளாஸ்டிக் குழாய் பலவற்றில் தெரியாது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன் எல்லாச் சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பக்கத்தில் அளக்கிற டேப்பை நீட்டி அளவோடு. அந்தப் படங்களுக்கு விலையே கிடையாது.

செலவுக் கணக்கு. பிளம்பருக்குக் கூலியும் சாமானும் 1,850. டைல்ஸ் பெயர்த்துத் திரும்ப ஒட்டியது 2,100, அதே நிறம் கிடைக்காமல் ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி நிற்கிறது. அலமாரிப் பின்பலகை 7,200. எக்ஸ்ரே, டாக்டர், மணிக்கட்டுப் பட்டை 1,650, நல்லவேளை எலும்பு முறியவில்லை, தசைநார் இழுத்துக்கொண்டது. தண்ணீர் போன மெஷினைப் பிரித்துக் காயவைத்து கார்பன் பிரஷ் மாற்றியது 650. மொத்தம் 13,450 ரூபாய். அலுவலகத்தில் நான்கு நாள் விடுப்பு. ஆள் வைத்திருந்தால் அதிகபட்சம் ஆயிரத்தில் முடிந்திருக்கும்.

கை சரியான பிறகு மறுபடியும் நானே செய்தேன். பிடிவாதம் இல்லை. இதைத் தெரியாமல் விட்டால் இனி ஒவ்வொன்றுக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை முதலில் பாத்ரூம் வால்வை மூடினேன், குழாயைத் திறந்து மீதித் தண்ணீரையும் வடித்தேன். பாத்ரூம், படுக்கையறை எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, பெட்டியைக் காய்ந்த இடத்தில் உயரமாக வைத்தேன். டைல்ஸை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். 'டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை, அங்கே திருகினால் உடையும். கெட்டிச் சத்தம் வந்த இடத்தில், ஓரத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் தள்ளி, மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டி அதன்மேல் குறி வைத்தேன். டேப் இருந்தால் பிட் வழுக்காது. டைல்ஸைத் தாண்டும்வரை ஈட்டி முனை பிட், மெதுவான வேகம், சுத்தியல் கிடையாது. தாண்டிய பிறகு சாதாரண சுவர் பிட்டுக்கு மாற்றி, அப்போதுதான் சுத்தியல். எவ்வளவு ஆழம் என்பதற்கு பிட்டில் டேப் சுற்றிக்கொண்டேன். ஸ்குரூவைக் கவ்விப் பிடிக்கத் துளைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் ரால் பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்டிமீட்டர் கூட இருந்தால் போதும், என் முதல் துளை போல ஆழம் தெரியாமல் போகக் கூடாது. வருகிற தூளைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பலாக இறுகி வந்தால் கான்கிரீட், மாவு போல லேசாக உதிர்ந்தால் இலகு பிளாக், அதற்குச் சுத்தியல் தேவையே இல்லை. பளபளவென்று இரும்புத் துகளோ ஈரமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ரால் பிளக் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிளக்கை டைல்ஸ் மட்டத்தோடு விட்டால் திருகும்போது விரிந்து டைல்ஸையே பிளக்கும். அதனால் டைல்ஸுக்கும் பூச்சுக்கும் உள்ளே, செங்கலுக்குள் போய் உட்காரும்படி தட்ட வேண்டும். 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 மில்லிமீட்டர் பிட், பெரிய துளை போட்டுத் தீக்குச்சி சொருகுவதெல்லாம் திரைக்கம்பிக்கு வேண்டுமானால் தாங்கும், ஆள் பாரத்தைத் தாங்காது. துளையில் இருக்கிற தூளை சைக்கிள் பம்பால் வெளியேற்றினேன், வாயால் ஊதினால் கண்ணுக்கு வரும். தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க ஒரு சொட்டு சிலிக்கான் பசை, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ. உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பது பொதுக்கணக்கு, நான் அம்மாவை வீடியோ காலில் நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கை இயல்பாக எங்கே போகிறது என்று சித்தியை அளக்கச் சொல்லி 34 அங்குலத்தில் வைத்தேன். சிலிக்கான் காய ஒரு நாள் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து என் முழு எடையையும் போட்டு இழுத்தேன், பத்து முறை. அசையவில்லை.

அம்மா வந்த அன்று வாக்கரை வாசலில் விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்தாள், எழுந்தாள். நிறம் மாறி நின்ற டைல்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னியே, அந்தக் கதவு இதுதானா சாமி?" என்று கேட்டாள். அப்புறம் கட்டில் பக்கத்திலும் ஒரு கம்பி இருந்தால் ராத்திரி எழ வசதியாக இருக்கும் என்றாள். அந்தச் சுவரின் மறுபக்கம் சமையலறை சிங்க். இன்னும் குறி வைக்கவில்லை. பிளம்பர் தம்பி இந்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார், குழாய் எந்த வழியாகப் போகிறது என்று அவர் காட்டிய பிறகுதான் பென்சிலை எடுப்பேன்.